கிரைண்டர், அடிபம்பு, மீன்பாடி வண்டி: குழந்தைகளுக்குக் கண்டுபிடிப்புகளை அறிமுகப்படுத்தும் முழுமையான வழிகாட்டி

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை மாலைதோறும் தெருப் பிள்ளைகள் எட்டுப் பத்துப் பேர் கூடுவது வழக்கம். முதல் வாரம் அவர்களிடம் கண்டுபிடிப்பாளர் ஒருவரின் பெயரைச் சொல்லச் சொன்னேன். எல்லோரும் ஒரே குரலில் எடிசன் என்றார்கள். அவர் என்ன செய்தார் என்று கேட்டால் பல்பு. எப்படிச் செய்தார் என்று கேட்டால் பதில் இல்லை. பொது அறிவுப் புத்தகத்தில் ஒரு பக்கம் பொருளும் மறுபக்கம் பெயருமாக அச்சிட்டிருந்த பட்டியலைத்தான் அவர்கள் மனப்பாடம் செய்திருந்தார்கள்.

அந்தப் பட்டியலில் ஒரு பொய்யும் கலந்திருக்கிறது. ஒரு பொருளை ஒரே மனிதர் ஒரே நாளில் உண்டாக்கிவிட்டார் என்று அது பிள்ளைகளை நம்பவைக்கிறது. எடிசன் 1879-இல் தம் விளக்கை எரியவைப்பதற்கு முன்பே பலர் மின்விளக்குகளைச் செய்து பார்த்திருந்தார்கள். இங்கிலாந்தில் ஜோசப் ஸ்வான் அதே காலத்தில் அதே வேலையில் இறங்கியிருந்தார். சில ஆண்டுகளில் இருவரும் அங்கே ஒரே நிறுவனமாகச் சேர்ந்துகொண்டார்கள். விளக்கை ஒளிரச் செய்வது அன்று பெரிய சிக்கலாக இருக்கவில்லை. ஒளிர்ந்த இழை சீக்கிரமே கருகிப்போகாமல் பல மணி நேரம் தாங்க வேண்டும் என்பதுதான் சிக்கல். இதைச் சொன்னதும் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், "அப்ப அவரு பல்பைக் கண்டுபிடிக்கலக்கா, சீக்கிரம் ஃபியூஸ் போகாத பல்பைத்தான் கண்டுபிடிச்சாரு" என்றான். அவன் சொன்ன அந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் தாமாகவே உணரும்படி செய்வதற்கான வழிகளே இங்கே உள்ளன. எட்டு முதல் பதின்மூன்று வயது வரையுள்ளவர்களுக்கு இவை பொருந்தும். வாரம் ஒரு மாலை என்று இரண்டு மாதம் ஒதுக்கினால் போதும். செலவு மிகவும் குறைவு.

தொடங்கும் முன்: சொல்லைத் தெளிவாக்குதல்

தமிழில் நாம் புவியீர்ப்பு விசையையும் கண்டுபிடிப்பு என்கிறோம், கிரைண்டரையும் கண்டுபிடிப்பு என்கிறோம். பிள்ளைகளின் குழப்பத்தில் பாதி இங்கிருந்தே வருகிறது. ஏற்கெனவே இருந்ததை அறிந்துகொண்டால் அது கண்டறிதல். இல்லாத ஒன்றை உண்டாக்கினால் அது புதுப்புனைதல். இந்தச் சொற்களை மனப்பாடம் செய்ய வைக்க வேண்டாம். "உலகத்தில் மனிதரே இல்லை என்றாலும் இது இருக்குமா?" என்ற ஒரு கேள்வியைக் கொடுத்துவிட்டு, கடல் அலை, காந்தம், பூட்டு, கட்டுமரம், இட்லி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போங்கள். நெருப்பில் வந்து நிச்சயம் சண்டை மூளும். நெருப்பு இயற்கையாகவே இருந்தது, ஆனால் வேண்டும்போது அதை உண்டாக்கும் வழியை மனிதர்தானே ஏற்படுத்தினார்கள் என்று அவர்களே பிரித்துச் சொல்லும் வரை நீங்கள் குறுக்கிடாமல் இருப்பது நல்லது.

முதல் படி: தொல்லை ஏடு

ஒவ்வொரு பிள்ளைக்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்து, அந்த வாரம் முழுவதும் வீட்டிலும் தெருவிலும் யாரேனும் சலித்துக்கொண்டதை எல்லாம் எழுதச் சொல்லுங்கள். புதிய யோசனை எதையும் கேட்காதீர்கள். யோசனை கேட்டால் பறக்கும் காரும் வீட்டுப்பாடம் எழுதும் ரோபோவும்தான் வரும். தொல்லையைக் கேட்டால் கண்ணெதிரே இருப்பது வரும். எங்கள் பிள்ளைகளின் ஏடுகளில் வந்தவை இவை: தண்ணீர் லாரியிலிருந்து பக்கெட் தூக்கும்போது கம்பிக் கைப்பிடி உள்ளங்கையை அறுக்கிறது, மழைநாளில் செருப்பு அடித்த சேறு பள்ளிச் சட்டையின் முதுகில் புள்ளி புள்ளியாக ஏறுகிறது, குக்கர் எத்தனை விசில் விட்டது என்று அம்மாவுக்கும் பாட்டிக்கும் கணக்கு ஒத்துவருவதில்லை.

ஒவ்வொரு தொல்லைக்கும் கீழே மூன்று வரி எழுத வேண்டும். யாருக்குத் தொல்லை, எப்போது, இப்போது அவர்கள் அதை எப்படிச் சமாளிக்கிறார்கள். மூன்றாவது வரியைத்தான் பிள்ளைகள் தவிர்க்கப் பார்ப்பார்கள். பக்கெட் கைப்பிடியில் பழைய துணியைச் சுற்றிக்கொள்ளும் அக்காவும், விசிலுக்கு ஒரு புளியங்கொட்டையை எடுத்துவைக்கும் பாட்டியும் பாதிக் கண்டுபிடிப்பை ஏற்கெனவே செய்துவிட்டவர்கள் என்பதால், அந்த வரியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இரண்டாம் படி: ஒரு பொருளைப் பிரித்துப் பார்த்தல்

பாதுகாப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய பிக்சர் டியூப் டி.வி., மைக்ரோவேவ் அடுப்பு, செல்போன் பேட்டரி, பவர் பேங்க், டியூப்லைட், சி.எஃப்.எல். விளக்கு ஆகியவற்றைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. முதல் இரண்டில் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் ஆபத்தான அளவு மின்னூட்டம் தங்கியிருக்கலாம், பேட்டரி தீப்பற்றலாம், விளக்குகளில் பாதரசம் உண்டு. ப்ளக் வைத்த எந்தப் பொருளாக இருந்தாலும் பிரிக்கும் முன் வயரைப் பெரியவர் ஒருவர் வெட்டி அகற்ற வேண்டும்.

தொடங்குவதற்கு ஏற்றவை அமுக்கினால் முனை வெளிவரும் பேனா, பட்டன் குடை, பூட்டு, சைக்கிள் மணி. இவற்றில் சைக்கிள் மணியைப் போன்ற ஆசிரியரை நான் பார்த்ததில்லை. பழைய இரும்புக் கடையில் கிடைத்த துருப்பிடித்த மணி ஒன்றின் மேல்மூடியை ஒருநாள் திருகிக் கழற்றினோம். உள்ளே மணியடிக்கும் சுத்தியல் ஒன்று இருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள், ஆனால் சுத்தியல் என்று எதுவும் இல்லை. கட்டைவிரலால் அமுக்கும் நெம்புகோலின் உள்முனை பற்கள் வெட்டிய வில்லாக இருந்தது. அது ஒரு சிறு பற்சக்கரத்தைச் சுழற்ற, அதனோடு சேர்ந்தது அடுத்ததைச் சுழற்ற, கடைசியில் ஒரு தகடு படுவேகமாகச் சுற்றியது. அந்தத் தகட்டின் இரு முனைகளிலும் தளர்வாக மாட்டியிருந்த இரண்டு வளையங்கள், சுற்றும் வேகத்தில் வெளிப்புறமாக வீசப்பட்டு மூடியின் உட்புறத்தை மாறி மாறி அடிக்கின்றன. விரல் ஒரு முறைதான் அமுக்குகிறது. மணி இருபது முறை அடிபடுகிறது. சிறுமி ஒருத்தி பற்களை எண்ணிப் பார்த்து, நிறையப் பல் உள்ளது குறைந்த பல் உள்ளதைச் சுற்றினால் சின்னது பல சுற்று சுற்றும் என்று தானே கண்டுகொண்டாள். இதையே கரும்பலகையில் நான் சொல்லியிருந்தால் அவளுக்குக் கொட்டாவி வந்திருக்கும்.

பிரித்ததை மீண்டும் பூட்டச் சொல்லுங்கள். ஒரு திருகு மிச்சமானால் மிச்சமாகட்டும், கடிந்துகொள்ளாதீர்கள்.

மூன்றாம் படி: பொருளின் பரம்பரையைத் தேடுதல்

எந்தப் பொருளும் அநாதையாகப் பிறப்பதில்லை. அதற்குப் பாட்டனும் முப்பாட்டனும் உண்டு. இதைக் காட்ட நம் வீட்டு கிரைண்டரே போதும். ஆட்டுக்கல்லில் மாவாட்டிய பாட்டி யாராவது தெருவில் இருந்தால் அழைத்து வந்து, கையசைவைச் செய்து காட்டச் சொல்லுங்கள். கல் அசையாமல் இருக்கும். குழவியைக் கை சுற்றும். மறுகை மாவைத் தள்ளிவிடும். பிறகு கிரைண்டர் ஓடுவதைப் பார்க்கச் சொல்லுங்கள். இங்கே அடிக்கல்லும் பாத்திரமும் சேர்ந்து சுற்றுகின்றன. குழவி இருந்த இடத்திலேயே நின்று தன்னைத்தானே உருட்டிக்கொள்கிறது. எது சுற்ற வேண்டும், எது நிற்க வேண்டும் என்பதைத் தலைகீழாக்கியதில்தான் இயந்திரம் பிறந்தது. பாட்டியின் மறுகை செய்த வேலையைச் செய்வது எது என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். ஓரத்தில் நிற்கும் தள்ளுபலகையைப் பிள்ளைகளே காட்டுவார்கள். கோயம்புத்தூரில் 1955-இல் பி. சபாபதி இந்த வெட் கிரைண்டரை உருவாக்கினார் என்ற செய்தியை அதன் பிறகு சொல்லுங்கள். பெயர் முதலில் வந்தால் மறந்துபோகும். வியப்புக்குப் பின் வந்தால் ஒட்டிக்கொள்ளும்.

சைக்கிளின் பரம்பரை இன்னும் நீளமானது. 1817-இல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் செய்த இருசக்கர வண்டியில் பெடலே கிடையாது. காலால் தரையை உந்தி ஓட்ட வேண்டும். 1860-களில் பிரான்சில் முன்சக்கரத்திலேயே பெடலைப் பொருத்தினார்கள். பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரே சுற்றுதான் என்பதால், வேகம் வேண்டுமென்று முன்சக்கரத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். ஓட்டுபவர் ஆளுயரத்துக்கு மேல் உட்கார வேண்டியதாயிற்று, விழுந்தால் தலைகுப்புறத்தான். செயின் மூலம் பின்சக்கரத்தைச் சுற்றுகிற, இரண்டு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவில் உள்ள வண்டியை 1885-இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி கொண்டுவந்த பிறகே இன்றைய சைக்கிளின் உருவம் நிலைபெற்றது. இதை விளக்கப் படம் தேட வேண்டாம். சின்னத் தம்பி ஓட்டும் மூன்று சக்கரக் குழந்தை சைக்கிளில் பெடல் எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அதே முன்சக்கரப் பெடல் இன்றும் வாசலில் நிற்கிறது.

டயரைப் பற்றிய உட்கதை ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், 1888-இல் தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடுவதற்காகக் காற்றடைத்த டயரைச் செய்து காப்புரிமையும் பெற்றார். பின்னர்தான் தெரிந்தது, ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் அதே யோசனைக்கு 1845-லேயே காப்புரிமை பெற்றிருந்தார் என்பது. டன்லப்பின் உரிமை செல்லாது என்றாகிவிட்டது. ஆனால் தாம்சன் காப்புரிமை பெற்ற நாளில் அதை மாட்டிக்கொள்ள பெடல் வைத்த சைக்கிள் பரவியிருக்கவில்லை. யோசனை மட்டும் போதாது, அதற்கேற்ற காலமும் கூடிவர வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

நான்காம் படி: உடைந்த கதைகளைச் சொல்லுதல்

வடசென்னையில் அடிபம்பு அடிக்காத வீடு குறைவு. காலையில் பம்பு அடிக்கும் முன் ஒரு சொம்புத் தண்ணீரை மேலே ஊற்றுகிறோமே, அது ஏன் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். "தண்ணி தண்ணியைக் கூப்புடும்" என்பது எங்கள் தெருவில் கிடைத்த பதில். காய்ந்து சுருங்கிய வாஷர், ஊற்றிய நீரில் நனைந்து, குழாயின் சுவரோடு காற்றுப் புகாமல் ஒட்டிக்கொள்கிறது; பிறகு கைப்பிடியை அமுக்கும்போது குழாய்க்குள் காற்றழுத்தம் குறைகிறது; வெளியே இருக்கும் காற்று கீழிருக்கும் நீரை அழுத்தி மேலே ஏற்றுகிறது. பம்பு நீரை இழுப்பதில்லை, காற்றுதான் தள்ளுகிறது. ஆகவே இவ்வகைப் பம்பு எவ்வளவு உறுதியாகச் செய்தாலும் சுமார் பத்து மீட்டருக்கு மேல் நீரை ஏற்ற முடியாது. நடைமுறையில் ஏழு மீட்டரே அதிகம். இத்தாலியில் பம்பு வைத்தவர்கள் இந்த வரம்பில் முட்டிக்கொண்டு நின்றதைக் கலிலியோ 1638-இல் எழுதினார். காற்றுக்கு எடை உண்டு என்பதே காரணம் என்று டாரிசெல்லி 1640-களில் காட்டினார். கருவி முதலில் வந்துவிட்டது, விளக்கம் பல நூற்றாண்டு கழித்து வந்தது. அறிவியல் முதலில், இயந்திரம் பிறகு என்று எண்ணும் பிள்ளைகளுக்கு இது நல்ல அதிர்ச்சி.

ஆழமான நீரை எடுக்கும் இந்தியா மார்க் 2 கைப்பம்பின் கதை நம் நகரத்தைத் தொட்டுச் செல்வது. ஒரு குடும்பம் மட்டும் பயன்படுத்துவதற்காக மேல்நாடுகளில் வடிவமைத்த வார்ப்பிரும்புப் பம்புகளின் நகல்களை நம் கிராமங்களில் பொருத்தினார்கள். ஊரே விடியற்காலை முதல் இரவு வரை அடித்ததில் அவை உடைந்து நின்றன. சோலாப்பூரில் உருவான உறுதியான பம்பு ஒன்றை அடிப்படையாகக் கொண்டு, 1970-களில் யூனிசெஃப், மத்திய அரசின் ஆய்வு அமைப்பு, சென்னையில் இயங்கிய ரிச்சர்ட்சன் அண்ட் க்ரூடாஸ் நிறுவனம் ஆகியோர் சேர்ந்து எஃகில் புதிய பம்பை உருவாக்கி, கோயம்புத்தூர்ப் பகுதியில் அடித்து அடித்துச் சோதித்தார்கள். இதைக் கண்டுபிடித்தவர் யார் என்று பரீட்சையில் கேட்டால் ஒற்றை வரியில் விடை எழுத முடியாது.

குக்கரையும் இங்கே சேர்க்கலாம். டெனி பாப்பன் 1679-இல் செய்த ஆவிப் பாத்திரத்தின் முன்னோடிகள் வெடித்ததால்தான் அவர் எடை வைத்த பாதுகாப்பு வால்வைச் சேர்த்தார். நம் குக்கரின் வெயிட் அந்த எண்ணத்தின் வழிவந்ததே.

ஐந்தாம் படி: நடந்து போய்ப் பார்த்தல்

ஒரே நாளில் எல்லா இடத்தையும் சுற்றிவிடாதீர்கள். ஒரு வாரத்துக்கு ஓர் இடம் போதும்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு முதலில் போகலாம். ஆங்கிலத்தில் உள்ள கேட்டமரான் என்ற சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான், பிள்ளைகளுக்கு இது பெருமையாக இருக்கும். அதே மூச்சில், இன்று அந்தப் பெயரில் ஓடும் இரட்டை உடல் கப்பல்களும் நம் கட்டுமரமும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். கட்டுமரம் மரக்கட்டைகளை இணைத்துக் கட்டியது. உள்ளே ஏறிய நீர் கட்டைகளின் இடுக்கு வழியாக வடிந்துவிடும் என்பதால் அது மூழ்குவதில்லை. கரைக்கு வந்ததும் அவிழ்த்து உலர்த்தலாம். இன்று அங்கே நிற்பவை பெரும்பாலும் ஃபைபர் படகுகளும் விசைப்படகுகளும். மரத்திலிருந்து ஃபைபருக்கு மாறியதால் எது எளிதாயிற்று, எது கைவிட்டுப் போயிற்று என்று அங்கிருக்கும் பெரியவர் ஒருவரிடம் பிள்ளைகளே கேட்கட்டும்.

மீன்பாடி வண்டியை அருகில் நின்று பார்க்க வையுங்கள். முன்னால் இரண்டு சக்கரம், சுமைப்பெட்டி. பின்னால் ஒரு சக்கரம், மிதிப்பவர். சில வண்டிகளில் பழைய ஸ்கூட்டர் எஞ்சினைப் பொருத்தியிருப்பார்கள். எந்தப் பட்டியலிலும் இல்லாத, பெயர் தெரியாத மெக்கானிக்குகளின் புதுப்புனைவு அது. வியந்து முடித்ததும் பிரேக்கைக் காட்டுங்கள். மிதிவண்டி வேகத்துக்கான பிரேக், எஞ்சின் வேகத்தை நிறுத்துமா? பதிவு இல்லாமல் எஞ்சின் பொருத்திய வண்டியைச் சட்டம் ஏன் சாலையில் அனுமதிப்பதில்லை என்ற பேச்சு அங்கிருந்து தானாக எழும்.

இரயிலுக்கு இரண்டு இடம். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் புறப்பட்ட இராயபுரம் நிலையத்தின் கட்டடம் இன்றும் நிற்கிறது. இரயில் பெட்டிகள் செய்யும் பெரம்பூர் ஐ.சி.எஃப். (இன்டெக்ரல் கோச் ஃபேக்டரி) 1955-இல் தொடங்கியது, தரை, சுவர், கூரை எல்லாம் எஃகால் ஒரே கூடாகப் பற்றவைத்த பெட்டிகளைச் செய்ததால்தான் அதன் பெயரிலேயே 'ஒருங்கிணைந்த' என்ற பொருள் இருக்கிறது. மரப்பெட்டிகள் விபத்தில் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நொறுங்கின. அந்தத் துயரத்துக்கான விடையே இந்தக் கூடு. அருகிலுள்ள இரயில் அருங்காட்சியகத்தில் பழைய பெட்டிகளையும் எஞ்சின்களையும் தொட்டுப் பார்க்கலாம். வந்தே பாரத்தின் முதல் வண்டி 2018-இல் வெளிவந்தது இந்தத் தொழிற்சாலையிலிருந்துதான்.

ஆறாம் படி: ஐஸ் சோதனை

காசிமேட்டில் மீன்பெட்டிக்குள் ஐஸ் கொட்டுவதைப் பார்த்துவிட்டு வந்த வாரமே இதைச் செய்தால் சூடு ஆறாமல் இருக்கும். ஒரே அளவுள்ள ஐஸ் கட்டிகளை ஒரே மாதிரியான டம்ளர்களில் போடுங்கள். ஒன்றைத் திறந்தபடி விடுங்கள். ஒன்றைக் கம்பளியால், ஒன்றைச் செய்தித்தாளால், ஒன்றை மரத்தூளால், ஒன்றைத் தெர்மாகோலால் மூடுங்கள். எல்லாம் நிழலில் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து உருகிய நீரை மட்டும் வடித்து, குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையால் அல்லது மருந்து அளக்கும் மூடியால் அளந்து எழுதுங்கள்.

வைக்கும் முன் ஊகத்தை எழுதி வாங்குவது முக்கியம். எங்கள் மாடியில் ஒருவர் தவிர அனைவரும் கம்பளிக்குள் இருப்பதுதான் முதலில் உருகும் என்று எழுதினார்கள். "கம்பளி போத்துனா சூடுதானே ஆகும்?" திறந்து கிடந்த கட்டி முதலில் கரைந்துவிட, கம்பளிக்குள் இருந்தது இன்னும் கெட்டியாக இருந்ததைக் கண்டு ஒருவன் நான் கட்டியை மாற்றிவைத்துவிட்டேன் என்றே சொல்லிவிட்டான். கம்பளி சூட்டை உண்டாக்குவதில்லை. அதன் இழைகளுக்கிடையே சிக்கிய காற்று, சூடு கடந்து போவதைத் தாமதப்படுத்துகிறது. நம் உடல் சூட்டை வெளியே விடாதது போலவே வெளிச் சூட்டை ஐஸிடம் விடுவதும் இல்லை. அவனை நம்பவைக்க அடுத்த வாரம் சோதனையை அவன் கையாலேயே மறுபடி செய்யவேண்டியிருந்தது. அதுவும் சரியான முறைதான்.

பிறகு பணியைக் கொடுங்கள்: வீட்டில் கிடைக்கும் பொருளை மட்டும் கொண்டு, ஒரு ஐஸ் கட்டியை அதிக நேரம் காக்கும் பெட்டி. மூன்று முறை செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு மாற்றம்தான் அனுமதி. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமல் போய்விடும்.

ஏழாம் படி: தன் தொல்லைக்குத் தானே வழி தேடுதல்

இப்போது தொல்லை ஏட்டுக்குத் திரும்பி, ஆளுக்கொரு தொல்லையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். முதல் மாதிரியை அட்டை, கயிறு, பழைய டியூப், ஐஸ்குச்சி ஆகியவற்றால் அரை மணி நேரத்தில் செய்துவிட வேண்டும்; அழகாகச் செய்தால் அதை மாற்ற மனம் வராது. பெற்றோர் கைவைக்கக் கூடாது என்பது இந்தப் படியின் ஒரே கண்டிப்பான விதி. பள்ளிக் கண்காட்சி ஒன்றில் கடையில் வாங்கிய எரிமலைக்கு முதல் பரிசு கொடுத்ததைப் பார்த்த நாளிலிருந்து நான் இதில் பிடிவாதமாக இருக்கிறேன். மாதிரி கோணலாக இருப்பதே பிள்ளை செய்தது என்பதற்குச் சான்று.

இந்த வயதினருக்கு எட்டாத வேலை இது என்று தோன்றினால், திருவண்ணாமலையில் பள்ளி மாணவியாக இருந்தபோதே சாதித்த வினிஷா உமாசங்கரைச் சொல்லுங்கள். தெருவில் இஸ்திரி போடுபவர் கரி எரிப்பதைப் பார்த்து, கூரையில் சூரியத் தகடு வைத்த இஸ்திரி வண்டியை வடிவமைத்த அவருக்கு 2020-இல் சர்வதேசக் குழந்தைகள் காலநிலைப் பரிசு கிடைத்தது. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கும் கரி இஸ்திரி வண்டி தினமும் கடந்து செல்லும் பொருள். அவர்களும் அதைப் பார்த்தார்கள், தொல்லையாக எழுதிவைக்கவில்லை.

எங்கள் குழுவில் பக்கெட் கைப்பிடியை எடுத்துக்கொண்ட சிறுமி, தேய்ந்துபோன தோட்டக் குழாயை விரல் நீளத்துக்கு நறுக்கி, நெடுக ஒரு கீறல் போட்டு, கம்பியில் மாட்டினாள். நிறைபக்கெட்டைத் தூக்கியதும் குழாய் வழுக்கிச் சுழன்றது. இரண்டாம் முறை உட்புறத்தில் சைக்கிள் டியூப் துண்டை ஒட்டினாள்; நின்றது. மூன்றாம் வாரம் முகம் வாடி வந்தாள். அடுத்த தெரு மாவுக் கடையில் இதே போன்ற பிடியைப் பார்த்துவிட்டாளாம். டன்லப்பையும் தாம்சனையும் நினைவூட்டிவிட்டு, கடைக்காரர் எப்படிச் செய்திருக்கிறார், அவருடையது வழுக்குகிறதா என்று பார்த்து எழுதிவரச் சொன்னேன். வழுக்கியது.

எட்டாம் படி: தேதியும் பெயரும்

ஒவ்வொரு மாதிரியின் படத்தையும் வரைந்து, தேதி போட்டு, உதவியவர்கள் பெயரையும் எழுதிவைக்கச் சொல்லுங்கள். தள்ளுபலகையைக் காட்டிய தோழிக்கும் அதில் ஒரு வரி உண்டு. காப்புரிமை என்றால் என்ன என்று பெரிய பிள்ளைகள் கேட்டால், அதை ஒரு பேரமாக விளக்கலாம். நீ செய்த முறையை ஊரறியச் சொல்லிவிடு, பதிலுக்கு இருபது ஆண்டுகள் உன் அனுமதியின்றி வேறு யாரும் அதைச் செய்து விற்க முடியாது என்று அரசு தரும் வாக்கு அது. ஆறாம் வகுப்பு முதல் படிப்பவர்களுக்கு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் மானக் திட்டம் இருக்கிறது. யோசனைகளைப் பள்ளிதான் இணையத்தில் பதிவேற்ற வேண்டும், தேர்வானால் மாதிரி செய்ய மாணவர் கணக்கில் 10,000 ரூபாய் வரும். ஆகவே தலைமையாசிரியரைக் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே பார்த்துவிடுவது நல்லது. போகும்போது தேதியிட்ட அந்த நாற்பது பக்க நோட்டைப் பிள்ளையே கையில் எடுத்துச் செல்லட்டும்.